வீட்டுக்குள் துப்பாக்கி: ஆவடிப் பக்கம் அன்றும் இன்றும்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், காக்கி உறை போட்ட நீளமான சாமானைக் காலிடுக்கில் நிறுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவரைச் சாயங்கால வேளைகளில் சில நாள் பார்க்கலாம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வங்கியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ ஏ.டி.எம்.முக்குப் பணம் ஏற்றும் வண்டியிலோ ‘கன்மேன்’ வேலை. பல இடங்களில் அந்தத் துப்பாக்கி கம்பெனியுடையது கிடையாது. அவருடைய சொந்தம், லைசென்ஸும் அவர் பெயரில். கையில் துப்பாக்கி இருந்தால் சாதாரண செக்யூரிட்டியைவிடச் சம்பளம் கூட. ஆகவே டியூட்டி முடிந்ததும் டபுள் பேரலும் அவரோடு வீட்டுக்குப் போகிறது. பீரோவுக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் என்று அதற்கும் ஓர் இடம் இருக்கும்.

பெரும்பாலான வீடுகளில் அதனால் எந்தத் தீங்கும் வருவதில்லை. மிச்சமிருக்கும் வீடுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் பெண்களின் உயிரைப் பறிப்பது அநேகமாக மண்ணெண்ணெயும் அரிவாளும் கயிறும்தான். துப்பாக்கி அபூர்வம். ஆனால் துப்பாக்கி சுட்டால்தான் வேலை செய்யும் என்பதில்லை. சண்டை நடந்த ராத்திரி, கூடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் எண்ணெய் போட்டுக் குழலைத் துடைத்தால் போதும். அந்தப் பெண் மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக மாட்டாள். அம்மா வீட்டுக்கும் போக மாட்டாள். சுட்டால் கொலை வழக்கு. துடைத்ததற்கு என்ன வழக்கு? அறுபது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு நம் சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரத்துக்கு ஆயுதம் புதிதல்ல. பூந்தமல்லி வெள்ளைக்காரர் காலத்திலேயே பட்டாளத்து ஊர். ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965 முடிவதற்குள் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வெளியே வந்தது. சி.ஆர்.பி.எஃப். முகாம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகள், விமானப்படைத் தளம் என்று சீருடை ஊராகவே அது வளர்ந்தது. ரைஃபிள் செய்வது திருச்சித் தொழிற்சாலையில். ரைஃபிள் பிடித்துப் பழகிய கைகள் இங்கே அதிகம். ஓய்வுக்குப் பிறகு பட்டாபிராமிலும் திருமுல்லைவாயலிலும் மிட்டனமல்லியிலும் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள் எத்தனையோ பேர். நாட்டுக்கு உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் இந்த நாட்டுப் பிரஜைகள்தானே.

அவர்கள் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அடிபட்ட பெண் எங்கே போனாள்? வீடு கணவன் பெயரில் ஒதுக்கப்பட்டது. அவன் வேலை போனால் வீடும் போகும். மேலதிகாரியிடம் சொன்னால் அவர் கூப்பிட்டுக் கண்டிப்பார், “அனுசரிச்சுப் போம்மா” என்று திருப்பி அனுப்புவார். போலீஸ் ஸ்டேஷனில் பெண் போலீஸ் கிடையாது. மனைவியை அடிப்பதற்கென்று சட்டத்தில் தனிப் பிரிவும் கிடையாது. தெருவில் எவனோ எவனையோ அடித்ததற்கான சாதாரண காயப் பிரிவுதான் அவளுக்கும்.

துப்பாக்கிச் சட்டம் வேறு கதை. 1878இல் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களை நிராயுதபாணிகளாக்குவதற்கென்றே வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதுச் சட்டம் எழுதி, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டத்தின் கண் முழுக்கத் தெருவின் மேல் இருந்தது: கொள்ளைக்காரன், கலவரக்காரன், கள்ளத் துப்பாக்கி வியாபாரி. வீட்டுக்குள் அது எட்டிப் பார்க்கவில்லை.

அந்த நாளில் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட ஒரு வழக்கு உண்டு. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியுடன் பழகிய பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்றது. உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை தந்தது, 1961இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, சில ஆண்டுகளில் கவர்னர் மன்னிப்பில் வெளியே வந்தார். மானம், துரோகம், ஜூரி முறை என்று எத்தனையோ பேசினார்கள். அவர் அந்த ரிவால்வரைக் கப்பலின் ஆயுதக் கிடங்கிலிருந்து பொய்க் காரணம் சொல்லி வாங்கி வந்தார் என்ற விஷயம் அந்தப் பேச்சில் ஓரமாகவே கிடந்தது. குடும்பத்தில் கொந்தளிப்பு இருக்கும் ஒருவன் கையில் ஆயுதம் போய்ச் சேராமல் எப்படித் தடுப்பது என்று அன்று யாரும் உரக்கக் கேட்கவில்லை.

பிறகு 1983 வந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது ஓராண்டு சிறை என்றானது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்ந்தது: கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமை செய்தால் மூன்றாண்டு வரை சிறை. அடிபட்ட பெண்ணுக்கென்று முதல்முறையாக ஒரு பிரிவு. ஒரே ஆண்டில், ஒரே நாடாளுமன்றத்தில் இரண்டு சட்டங்கள் வலுப்பெற்றன. ஆனாலும் ஆவடி ஸ்டேஷன் தண்டவாளங்களைப் போல அவை பக்கத்துப் பக்கத்தில் ஓடினவே தவிர ஒன்றையொன்று தொடவில்லை. மனைவியைக் கொடுமை செய்ததாக வழக்கு இருக்கிற ஒருவனிடம் துப்பாக்கி இருக்கலாமா என்று 498ஏ கேட்கவில்லை. லைசென்ஸ் கேட்டு வருபவன் வீட்டில் மனைவி எப்படி இருக்கிறாள் என்று ஆயுதச் சட்டம் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதன் விலை 1995 ஜூலை 2 அன்று டெல்லியில் தெரிந்தது. இளைஞர் காங்கிரஸ் பிரமுகர் சுஷீல் சர்மா, மனைவி நைனா சஹானியை வீட்டிலேயே சுட்டுக் கொன்று, உடலை ஓர் உணவகத்தின் தந்தூரி அடுப்பில் எரிக்கப் பார்த்தார். நம் ஊருக்கும் அந்த வழக்கில் ஒரு பங்கு உண்டு. ஓடி ஒளிந்த சர்மா முன்ஜாமீன் வாங்கியது சென்னை செஷன்ஸ் கோர்ட்டில். நாடே கொதித்த பிறகு பெங்களூரில் சரணடைந்தார். 2003இல் தூக்குத் தண்டனை. 2013 அக்டோபரில், தலைமை நீதிபதி ப.சதாசிவம் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு அதை ஆயுளாகக் குறைத்தது. 2018 டிசம்பரில் விடுதலை. தண்டனை போதுமா போதாதா என்று இருபது வருடம் விவாதித்தோம். எனக்கு அந்த வழக்கில் ஆறாத வருத்தம் வேறு. சுட்ட ரிவால்வர் லைசென்ஸ் உள்ளது. சந்தேகமும் சண்டையும் முற்றிப்போயிருந்த அந்த வீட்டிலிருந்து அதை ஒரு நாளுக்காவது எடுத்து வை என்று சொல்லக்கூடிய ஒரு கதவுகூட நைனாவுக்கு அன்று இருக்கவில்லை.

டெல்லிக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2020 நவம்பரில் சென்னை சவுகார்பேட்டையில் ஒரே வீட்டில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸ் சொன்ன காரணம், பிரிந்து வாழ்ந்த மருமகள் தரப்போடு இருந்த குடும்பத் தகராறு.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் பிறகு அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்தது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சி ஆனது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்கென்று தனிப் போலீஸ் கமிஷனரும் வந்துவிட்டார். கமிஷனர் உள்ள பகுதியில் துப்பாக்கி லைசென்ஸ் விஷயத்தில் கலெக்டரின் இடம் கமிஷனருக்கு. ஒரு காலத்தில் மாவட்டத் தலைநகர் வரை அலைந்த கோப்பு இப்போது உள்ளூரிலேயே இருக்கிறது.

தண்டனைகளும் கூடியிருக்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. கள்ளத்தனமாகச் செய்தாலோ விற்றாலோ 7 ஆண்டு முதல் ஆயுள் வரை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 2024 ஜூலை முதல் 498ஏ போய் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு வந்திருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் எல்லோரும் சொல்லும் ‘ஐநூத்தி ஆறு ரெண்டு’, அதாவது கொலை மிரட்டல், இப்போது 351(3). அதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. துப்பாக்கியைத் துடைத்துக் காட்டி மிரட்டுவதற்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடிந்தால். நாலு சுவருக்குள் சாட்சி யார்?

லைசென்ஸ் உள்ள துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சண்டிகரைச் சேர்ந்த போலீஸ்காரர், தனக்கு வழங்கப்பட்ட சர்வீஸ் கார்பைனைக் கொண்டு ஒருவரைக் கொல்ல முயன்ற வழக்கு. கொலை முயற்சிக் குற்றம் உறுதியானது. ஆனால் ஆயுதத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கான 27ஆம் பிரிவு நிற்கவில்லை. லைசென்ஸோடு அல்லது அனுமதியோடு கையில் இருக்கும் ஆயுதத்தைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்தியதாலேயே 27 வந்துவிடாது, 5 அல்லது 7ஆம் பிரிவை மீறியதும் நிரூபணமாக வேண்டும் என்றது கோர்ட். லைசென்ஸ் நிபந்தனையை மீறியதற்கு 30ஆம் பிரிவு இருக்கிறது. அதில் கிடைப்பது ஆறு மாதச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சீருடைக் குடும்பங்களும் கன்மேன் குடும்பங்களும் நிறைந்த இந்தப் பக்கத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

இவ்வளவும் சம்பவம் நடந்த பிறகு வருகிற தண்டனை. நடப்பதற்கு முன்பு துப்பாக்கியை எடுத்து வைக்க வழி உண்டா? உண்டு. அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்கள் பாதுகாப்புச் சட்டத்தை வக்கீல்கள் ‘டி.வி. கேஸ்’ என்பார்கள். வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் தங்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று சொன்ன சட்டம் அது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் விட முடியாத குற்றம். இதெல்லாம் ஓரளவு தெரிந்த விஷயம். 19ஆம் பிரிவின் நடுவில் இரண்டு சின்ன உட்பிரிவுகள் இருக்கின்றன. குடும்ப வன்முறை செய்ய மாட்டேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் எதிர்மனுதாரருக்கு உத்தரவிடலாம் என்கிறது 3ஆம் உட்பிரிவு. அப்படி இடும் உத்தரவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயத்தின் கீழ் இட்டதாகவே கருதப்படும் என்கிறது 4ஆம் உட்பிரிவு.

இப்போது ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எட்டாம் அத்தியாயத்தின் கீழ் அமைதி காக்கவோ நன்னடத்தைக்கோ பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவு பெற்றவர், அந்தப் பத்திரக் காலம் முடியும் வரை துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. மீறினால் அதுவே தனிக் குற்றம், சிறை உண்டு. வன்முறைக் குற்றத்தில் சிறைத் தண்டனை பெற்றவருக்கோ, தண்டனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டு தடை. 1983இல் தொடாமல் ஓடிய இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான் என்று நான் படிக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் வேறு மாதிரி வாதாடக்கூடும். வாதாடட்டும். மனுவில் யாராவது இதைக் கேட்டால்தானே அந்த வாதம் தொடங்கவே செய்யும். 2024இல் எட்டாம் அத்தியாயம் புதுச் சட்டத்தில் ஒன்பதாம் அத்தியாயம் ஆகிவிட்டது. எண் மாறியதால் உரிமை போய்விடாது.

இன்னும் நேரான வழியும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வந்த 2006ஆம் ஆண்டு விதிகளில் 10ஆவது விதி, மாஜிஸ்திரேட் எழுத்து மூலம் சொன்னால் பாதுகாப்பு அலுவலர் தேவைப்பட்டால் போலீஸ் உதவியோடு, குடும்ப வன்முறையில் சம்பந்தப்பட்ட ஆயுதத்தைக் கைப்பற்ற வேண்டும் என்கிறது. அரிவாளுக்கும் அது பொருந்தும், துப்பாக்கிக்கும் பொருந்தும். கமிஷனர் கையிலும் அதிகாரம் இருக்கிறது. ஒருவரிடம் ஆயுதம் இருப்பது பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று அவர் கருதினால், ஆயுதச் சட்டம் 22ஆம் பிரிவின்படி காரணத்தை எழுதிவைத்து, லைசென்ஸ் உள்ள துப்பாக்கியையும் எடுத்து வைக்கலாம். 17ஆம் பிரிவில் லைசென்ஸை நிறுத்தவும் ரத்து செய்யவும் முடியும். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் ரத்துக்குப் போதாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. அதனால்தான் ‘வழக்கு இருக்கிறது’ என்று மட்டும் எழுதாமல், என்றைக்கு, எந்த அறையில், எந்தத் துப்பாக்கியைக் காட்டி என்ன சொன்னான் என்று மனுவில் எழுத வேண்டியிருக்கிறது.

எழுதப்படுவதில்லை. மகளிர் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீது போட்டு, இரண்டு பக்கத்தையும் பெஞ்சில் உட்கார வைத்துக் கவுன்சலிங் நடக்கும். “இனி கை நீட்ட மாட்டேன்” என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி அனுப்புவார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் எட்டாம் அத்தியாயப் பத்திரத்தின் பலம் கிடையாது. சமூக நலத்துறைப் பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவத்தில் உடல் வன்முறை, பாலியல் வன்முறை, வார்த்தைக் கொடுமை, பணக் கொடுமை, வரதட்சணை என்று கட்டம் கட்டமாகக் கேள்வி வரும். ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா’ என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை. கேட்காததை அவளும் சொல்வதில்லை. கன்மேன் மனைவிக்கு இன்னொரு பயமும் சேர்ந்துகொள்ளும்: துப்பாக்கி போனால் அவன் வேலை போகும், வேலை போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் நின்றுபோகும். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் ஜீவனாம்சமும் பண உதவியும் கேட்கலாம் என்பதை யாராவது அவளுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

நம் அரசுக்குத் துப்பாக்கியை வீட்டிலிருந்து எடுத்து வைக்கத் தெரியாதா என்ன? தேர்தல் தேதி அறிவித்தவுடன் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போவார்கள். தேர்தல் முடிந்தால் திரும்பக் கிடைக்கும். யாருடைய மானமும் போவதில்லை. வாக்குச்சாவடியின் அமைதிக்குச் செய்வதை, மனைவி மனு போட்டிருக்கும் ஒரு வீட்டின் அமைதிக்கு ஏன் செய்யக் கூடாது? மனு பொய்யாகப் போனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போகலாம். மனு உண்மையாக இருந்தால் திரும்பக் கிடைக்காதது ஓர் உயிர்.

வெளிநாடுகள் இதில் முன்னே போய்விட்டன. நம்மவர்கள் திரளாக வாழும் கனடாவில், துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் மனைவியோ துணையோ கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் அரசே அவர்களுக்குத் தகவல் சொல்லும். ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு குடும்ப வன்முறை உத்தரவு வந்தால் துப்பாக்கி லைசென்ஸும் போகும். துப்பாக்கியை உரிமையாகக் கொண்டாடும் அமெரிக்காவிலேயே, மனைவியை அடித்த குற்றத்தில் தண்டனை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996 முதல் சட்டம். பாதுகாப்பு உத்தரவுக்கு உட்பட்டவனிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைப்பது செல்லும் என்று 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் சொன்னது. இங்கே நம்முடைய விண்ணப்பப் படிவம் பழைய தண்டனையைக் கேட்கிறது, பத்திரம் எழுதிக் கொடுத்தாயா என்று கேட்கிறது. அதே கூரையின் கீழ் படுக்கும் பெண்ணிடம் ஒன்றும் கேட்பதில்லை.

பணியில் இருக்கும் சீருடைக்காரர் விஷயத்தில் ஒரு சிக்கல். பட்டாளத்தார் ‘கோத்’ என்று சொல்லும் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் வீட்டுக்குப் போவது வழக்கம். பதவியைப் பொறுத்துச் சிலரிடம் பிஸ்டல் இருக்கும். அரசு ஊழியர் கடமைக்காக வைத்திருக்கும் ஆயுதத்துக்கு ஆயுதச் சட்டம் பொருந்தாது என்று 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆகவே கோர்ட் உத்தரவு வாங்கினால் அதன் நகலை அவருடைய படைப்பிரிவுத் தளபதிக்கோ மேலதிகாரிக்கோ பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். துப்பாக்கி இல்லாத டியூட்டியில் அவரைப் போட மேலதிகாரியால் முடியும்.

இதைப் படிக்கும் உங்களில் அம்பத்தூர், பூந்தமல்லி கோர்ட்டுகளில் டி.வி. கேஸ் நடத்தும் வக்கீல்கள் இருக்கலாம். பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கலாம். வரும் பெண்ணிடம் முதல் நாளே வீட்டில் துப்பாக்கி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் மனுவில் 19(3) பத்திரத்தையும் 10ஆவது விதிப்படி ஆயுதத்தைக் கைப்பற்றும் உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள், நகலை ஆவடி கமிஷனர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். நீங்கள் அடிபட்டுக்கொண்டிருக்கும் பெண்ணாக இருந்தால், உங்களுக்கும் ஒன்று. யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: “வீட்டில் துப்பாக்கி இருக்கிறது.” 181க்குப் போன் செய்தாலும் அதை முதலில் சொல்லுங்கள். உங்கள் பாதுகாப்பு உத்தரவுக்கு வக்கீல் கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால், தாலுகா சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.